ஐந்தேகால் லட்சத்தில் ஒரு குடும்பம்

தை மாதக் கடைசியில் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஏற்காட்டில் நாகலூருக்குப் போகும் வழியிலுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் அவர் ரைட்டராக வேலை பார்க்கிறார். “ஐயா, எங்க தோட்டத்துல ஒரு அம்மா ஜெனிவாவுக்கு மனு எழுதணும்னு ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல்னா நானே எழுதிக் குடுத்துருவேன். இது எனக்குப் பிடிபடலைங்க. நீங்க ஒருதரம் வந்து போக முடியுங்களா?” என்றார். ஜெனிவாவுக்கு, அதாவது அங்கிருக்கும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு, மனு என்றதும், முகாமில் வாழும் ஈழத்து அகதி யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை, அந்த அம்மா இந்தியக் குடிமகள், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டுப் போடுகிறவர் என்று அவர் சொன்னார். சேலத்துக் கல்லூரி ஒன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் அரசியல் அறிவியல் கற்பித்து, இந்திய வெளியுறவுக் கொள்கை என்னும் தாளை ஆண்டுதோறும் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, அந்த மனுவை எழுதுவது ஒரு காலை நேரத்து வேலை என்றுதான் தோன்றியது. அந்த அம்மா அன்று கேட்ட ஒரு கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் பேருந்து ஏறி, கோரிமேடு, அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஒண்டிக்கடையில் இறங்கியபோது பனி இன்னும் விலகியிருக்கவில்லை. மாணவர் வண்டியோடு காத்திருந்தார். காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. களத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளில் காய் திரண்டிருந்தது. தோட்டத்துக் குடியிருப்பை எல்லோரும் ‘லைன் வீடு’ என்று சொல்ல, அந்த அம்மா மட்டும் ‘லயம்’ என்றார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பதின்மூன்று வயது வரை வளர்ந்தவருடைய சொல் அது. அவர் 1972இல் தாய், தந்தை, தம்பியோடு தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கிவிட்டு, ஓமலூருக்கு அந்தப் பக்கம் இருந்த தாத்தாவின் ஊரைத் தேடிப் போயிருக்கிறார்கள். அங்கே இவர்களை அடையாளம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தோட்ட வேலை மட்டுமே தெரிந்த குடும்பம் மலையைப் பார்த்து நடந்தது. கொழுந்து பறித்த கைகள் காப்பிப் பழம் பறிக்கப் பழகின.

மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அவருடைய தாயாரின் இந்தியக் கடவுச்சீட்டு, கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கியது. கருநீல அட்டையின் ஓரங்கள் நைந்து நார் நாராகியிருந்தன. உள்ளே தாயாரின் படம். எண்ணெய் வைத்து இறுக்கிப் படிய வாரிய தலை, கேமராவுக்குப் பின்னால் நிற்கும் யாரோ ஒருவருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்ட பார்வை. குழந்தைகளுக்கான பக்கத்தில் இரண்டு பெயர்கள் மையால் எழுதப்பட்டிருந்தன. ஒன்று இவருடையது, இன்னொன்று தம்பியுடையது. அந்த இரண்டு பெயர்களுக்குக் கீழே விரலை வைத்து, “அண்ணன் பேரு இதுல இல்லீங்கய்யா” என்றார். அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கலியாணமாகி, பெண் வீட்டாரோடு சேர்ந்து இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். தகப்பனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரே லயத்தில் ஒரே அடுப்பில் உண்டவர்கள் இரண்டு நாட்டுக் கணக்குகளில் விழுந்தார்கள்.

1964 அக்டோபர் 30

இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை நான் வகுப்பில் நடத்தியதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை. தேர்வில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர், அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தோர், 9,75,000 பேர் என்று இரு அரசுகளும் கணக்கிட்டன. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும்; மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்வதற்குத் தோதாக ஒரு சூத்திரம்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது வேறு. அந்த மக்கள் இலங்கையில் பிறந்து, இலங்கையில் உழைத்து, இலங்கைக்கே உரியவர்கள். அவர்களைக் கட்டாயமாக இந்தியாவுக்கு அனுப்புவதை ஏற்க முடியாது என்ற நிலையில் நேரு இறுதிவரை பெரும்பாலும் நின்றார். 1954இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலயோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு நடைமுறையில் தேறாமல் போனதற்கும் அதுவே ஒரு காரணம். 1964 மே 27இல் நேரு மறைந்தார். ஐந்தே மாதங்களில் புதுடில்லியில் இந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. இடையில் 1962ஆம் ஆண்டின் சீனப் போர் நிகழ்ந்திருந்தது. அண்டை நாடுகளின் நல்லெண்ணம் டில்லிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. அதற்கு ஐந்தேகால் லட்சம் பேர் விலையாகப் பேசி முடிக்கப்பட்டார்கள் என்பதே என் கணிப்பு. தோட்டத் தொழிலாளரின் மிகப்பெரிய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசையோ அதன் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானையோ பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கருத்துக் கேட்கவில்லை. பின்னாளில் விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது, ஒப்பந்தம் ஒதுக்கிய மூன்று லட்சத்தைக் காட்டிலும் மிக அதிகமானோர் இலங்கைக் குடியுரிமையையே கேட்டார்கள் என்பது, முன்கூட்டியே கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்குப் போதிய சான்று.

இதை நான் படிக்காமல் இல்லை. படித்திருந்தும், வெளியுறவு என்பது அரசுகளுக்கு இடையிலான காரியம், அதில் எண்கள்தாம் பேசும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அந்தக் கடவுச்சீட்டின் பக்கத்தில் இல்லாத பெயரைப் பார்க்கும் வரை, ஐந்தேகால் லட்சம் என்பது எனக்கு ஒரு விடைத்தாளில் இருக்கும் எண் மட்டுமே.

அண்ணனின் கதையை அந்த அம்மா அவசரமில்லாமல் சொன்னார். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் தோட்டத்து லயங்கள் தாக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்களைப் போலவே அவரும் மனைவி மக்களோடு வவுனியாப் பக்கம் போனார். பிறகு கிளிநொச்சியில் கூலிக்கு வயல் வேலை. காடு வெட்டிக் குடிசை போட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு கடிதங்கள் ஏற்காட்டுக்கு வரும். சில ஆண்டுகள் வராது. 2009 ஜனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி ராணுவத்தின் கைக்குப் போனது. அந்தக் குடும்பமும் லட்சக்கணக்கானோரோடு முல்லைத்தீவுக் கரையை நோக்கி இடம்பெயர்ந்தது. அண்ணன் வழியில் இறந்தார். மே மாதத்தில் அண்ணியும் கடைசி மகனும் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து ராணுவத்திடம் வந்தார்கள். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி அங்கே பிரித்து அழைத்துச் சென்ற மகன் திரும்பவில்லை. அவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அண்ணி, இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குப் போனார். பிறகு ஊருக்குத் திரும்பினார். 2017இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் வீதியோரம் தொடங்கிய போராட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். சென்ற ஆண்டு அவரும் இறந்துபோனார். “அண்ணி இருக்க வரைக்கும் அவங்க கேட்டாங்க. இனிமே அவனுக்கு அத்தை நாந்தானே கேக்கணும்?” என்றார் அந்த அம்மா. மனு அதற்காகத்தான்.

விலகி நின்ற நாட்கள்

மனுவை யாருக்கு எழுத வேண்டும் என்பதைக் கிளிநொச்சியிலிருந்து அண்ணன் மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். இலங்கையில் நடந்த மீறல்கள் குறித்த சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி, ஐ.நா. மனித உரிமை ஆணையரின் ஜெனிவா அலுவலகத்தில் நடக்கிறது. 2021 மார்ச் 23இல் மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம் அதற்கு வழிவகுத்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, வாக்களிக்காமல் விலகி நின்ற நாடுகள் 14. அந்தப் பதினான்கில் இந்தியா ஒன்று. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது இரண்டு வாரமே இருந்தது. 2022 அக்டோபரில் அப்பணியை நீட்டித்த தீர்மானத்திலும் இந்தியா விலகியே நின்றது. சுருக்கமாகச் சொன்னால், இந்தியக் குடிமகள் ஒருவர் தம் மருமகனைத் தேடி, தம்முடைய அரசு வேண்டுமென்றும் சொல்லாத, வேண்டாமென்றும் சொல்லாத ஓர் அலுவலகத்துக்கு மனு எழுத என்னை அழைத்திருந்தார்.

இந்த விலகலுக்கு நான் ஒரு காலத்தில் வழக்குரைத்தவன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 2009 மே மாதம், போர் முடிந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் நடந்த பேரவையின் சிறப்புக் கூட்டத்தில் இலங்கைக்கு இதமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. அது என்னை வருத்தியது. 2012இலும் 2013இலும் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்களை இந்தியா ஆதரித்தது. 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் தமிழகமெங்கும் பரவி, எங்கள் கல்லூரி வாசலிலும் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்தார்கள். அதே மாதம் மத்திய அரசிலிருந்து தி.மு.க. விலகியது. அடுத்த ஆண்டு, 2014 மார்ச் 27இல், முதன்முறையாகப் பன்னாட்டு விசாரணை கோரிய தீர்மானம் 23க்கு 12 என்று நிறைவேறியபோது, இந்தியா உள்ளிட்ட 12 நாடுகள் வாக்களிக்கவில்லை. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து காரணம் கேட்டார்.

நான் கால்மணி நேரம் விளக்கினேன். வெளியார் விசாரணை ஒரு நாட்டின் இறையாண்மையில் தலையிடுவதாகும் என்பது இந்தியாவின் வாதம். இன்று இலங்கைக்கு ஒப்புக்கொண்டால் நாளை காஷ்மீருக்கும் கேட்பார்கள். கொழும்பைத் தள்ளிவைத்தால் அது பெய்ஜிங்கின் பக்கம் சாயும். பேசிக்கொண்டிருந்தால்தான் இலங்கை அரசமைப்பில் மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிர்ந்த பதின்மூன்றாவது திருத்தத்தையும் அந்தச் சபைகளையும் பற்றி வற்புறுத்த முடியும். அன்றைய தினமே இலங்கை அதிபர் ராஜபக்ச தம் காவலிலிருந்த இந்திய மீனவர்களை விடுவிக்க உத்தரவிட்ட செய்தியும் வந்திருந்தது. பார்த்தாயா, விலகி நின்றதன் பயன் கைமேல் கிடைத்திருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். ஒப்புக்கொண்டு உட்காரவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

இந்த வாதங்கள் எவையும் பொய்யில்லை. பின்னாளில் உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்த 2022 மார்ச் ஐ.நா. தீர்மானத்தில் விலகியதற்கும், மியான்மர் ராணுவ ஆட்சியைக் குறித்த 2021 ஜூன் தீர்மானத்தில் விலகியதற்கும், காசா குறித்து 2023 அக்டோபரில் விலகி, டிசம்பரில் போர்நிறுத்தத்தை ஆதரித்து, 2025 ஜூனில் மறுபடி விலகியதற்கும் இதே போன்ற காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் சிலவற்றை நான் இன்றும் புரிந்துகொள்கிறேன். எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் ஒருவரை நம்பியிருக்கும் நாடு எல்லா இடத்திலும் உரத்துப் பேச முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே சொல் வரும்போது, அது காரணத்திலிருந்து நகர்ந்து பழக்கமாகிவிடுகிறது.

லயத்து வாசலில் அமர்ந்து மனுவின் முதல் வரியை எழுதத் தொடங்கும் முன்பு, இந்த அலுவலகம் எப்படி ஏற்பட்டது என்பதை அந்த அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. எத்தனை நாடுகள் வேண்டும் என்றன, எத்தனை வேண்டாம் என்றன என்று சொல்லி, நம் நாடு விலகி நின்றது என்றேன்.

“விலகுறதுன்னா என்னங்கய்யா? வேணாம்னு சொல்றதா?”

“வேண்டாம்னு சொல்லலைங்கம்மா. வேணும்னும் சொல்லலை. அது அந்த நாட்டு உள்விவகாரம், நாம தலையிடக் கூடாதுன்னு…”

கடவுச்சீட்டைக் கைத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார். “அப்ப எங்கள எண்ணிப் பிரிச்சாங்களே, அன்னைக்கு மட்டும் ஏன் விலகலை? அன்னைக்கும் நாங்க அந்த நாட்டு ஆளுங்கதானே?”

எனக்குப் பதில் வரவில்லை. முப்பதாண்டுகளில் எந்த மாணவரும் அந்த இரண்டு பாடங்களையும் ஒன்றாக வைத்து என்னிடம் கேட்டதில்லை. நானும் வைத்துப் பார்த்ததில்லை. 1964இல் கையெழுத்து, 2014இல் விலகல். நடுவில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். இரண்டுக்கும் நடுவே ஒரே குடும்பம்.

உள்விவகாரம் என்னும் சொல்

மலையிலிருந்து இறங்கிய பிறகு பல நாட்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்விவகாரம் என்ற வாதத்தை ஐ.நா.வில் எதிர்த்து வென்ற முதல் நாடுகளுள் இந்தியா ஒன்று என்பதை நானே எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். 1946இல், விடுதலைக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் நிறத்தின் பெயரால் ஒடுக்கப்படுவதை இந்தியா பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. அது எங்கள் உள்நாட்டுக் காரியம், பேச உங்களுக்கு உரிமையில்லை என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற இந்தியக் குழு, மனிதனின் மாண்பு எந்த நாட்டுக்கும் உள்விவகாரமாகாது என்ற நிலையிலிருந்து வாதாடியது. டிசம்பர் 8 அன்று மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு வென்றது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தையும் இந்தியா துண்டித்துக்கொண்டது. அதனால் வந்த நட்டத்தைத் தாங்கும் நிலையில் அன்றைய இந்தியா இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, தம் எண்பத்து மூன்றாம் வயதில், 1962 செப்டம்பரில், அணுஆயுதச் சோதனையை நிறுத்தும்படி கேட்க வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்தார். அவருக்கு அப்போது எந்த அரசுப் பதவியும் இல்லை. எங்கள் ஊர்க்காரர் என்ற உரிமையில் அந்த நிகழ்ச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அடுத்தவர் நாட்டு ஆயுதம், நமக்கென்ன என்று அவர் இருந்துவிடவில்லை.

இலங்கையைப் பொறுத்தவரை உள்விவகாரம் என்ற சொல் இந்தியாவின் வாயில் இன்னும் பொருத்தமில்லாதது. 1964இல் மக்களைப் பங்கிட்டதும் இந்தியா. 1987 ஜூலை 29இல் ஒப்பந்தம் செய்துகொண்டு அமைதிப்படையை அனுப்பி, தன் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்து, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் ஆறாத காயங்களைத் தந்து, 1990இல் திரும்பியதும் இந்தியா. அந்த ஒப்பந்தத்தால் பிறந்த பதின்மூன்றாவது திருத்தத்தை ஒவ்வோர் அறிக்கையிலும் வற்புறுத்துவதும் இந்தியாவே. ஆனால் வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தபின் பல ஆண்டுகளாகியும் அங்கே தேர்தல் நடக்கவில்லை. எல்லாத் தீர்மானங்களையும் ஆதரித்தாக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எந்த மக்களின் வாழ்க்கையில் ஓர் அரசு தன் கையெழுத்தால் நுழைந்ததோ, அந்த மக்கள் நியாயம் கேட்டு வரும்போது நான் வெளியாள் என்று சொல்லும் உரிமையை அந்த அரசு இழந்துவிடுகிறது. மற்ற நாடுகள் விலகி நிற்பதும் இந்தியா விலகி நிற்பதும் ஒன்றாகாது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. வெளியுறவு முழுவதும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அதன் விளைவு வந்து இறங்குவதோ மண்டபத்திலும், சேலம் மாவட்டத்து முகாம்களிலும், இந்த மலையிலும்தான். 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் மலையக வழியினர். 1964இன் கணக்கில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஒரு கணக்கில் எண்ணப்பட்டவர்கள் மற்றொரு கணக்கில் விடுபடுகிறார்கள். இரண்டு முறையும் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

2014இல் கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கண்டால், அன்று நான் சொன்ன விடை போதாது என்று சொல்வேன்.

மனுவை அன்று பிற்பகல் எழுதி முடித்தோம். காணாமல்போனவரின் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், நாள், உடன் இருந்தவர்கள் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மருமகனின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்குமென்று சொன்னார். நேரில் ஒருமுறையும் பார்த்ததில்லை. அண்ணி அனுப்பிய புகைப்படத்தில் பார்த்தது. விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவருடைய பெயரையும், அத்தை என்ற உறவையும் எழுதினேன். முகவரி என்று வந்ததும் நாகலூர் அஞ்சலையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி, படித்துக் காட்டினேன்.

“அதுக்கு மேல அட்டன் தோட்டத்துப் பேரையும் போடுங்கய்யா. அண்ணன் அங்கதான் பொறந்தாரு, நானும் அங்கதான் பொறந்தேன். அத்தைன்னா எப்படி அத்தைன்னு அவங்களுக்குத் தெரியணும்ல” என்றார்.

பேனாவைத் திருப்பிப் பிடித்து, அந்தத் தோட்டத்தின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டேன். கடவுச்சீட்டைத் திறந்து, தாயாரின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மை மங்கியிருந்த அந்தப் பெயரைக் காட்டினார். அதைப் பார்த்து எழுத்து மாறாமல் எழுதினேன்.